அது யாரு மீன்?

பாளையங்கோட்டை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சங்கரா,

நலம். உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். சடங்கு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். அந்தோணியும் மைதீனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

சண்டை ஒரு மீனுக்காக. அந்த மீனும் இப்போது எங்கள் யாரிடமும் இல்லை, மாலத்தீவுக் கடலில் ஏதோ ஒரு பவளத்திட்டை (பார் என்பான் அந்தோணி) ஒட்டி நிம்மதியாக இரை தேடிக்கொண்டிருக்கும். இங்கே நாங்கள்தான் அதை வைத்து மாரடிக்கிறோம். குரூப்பில் ஏன் சத்தமே இல்லை என்று கேட்டிருந்தாயே, இதுதான் காரணம். இசக்கி போடும் காலை வணக்கத்துக்கு இரண்டு பேரும் கும்பிடு போடுகிறார்கள். ஆனால் ஒருவன் போட்டு அரைமணி நேரம் கழிந்தபிறகுதான் அடுத்தவனுக்குக் கை எழும்பும்.

மருமகன் வருகிறான் என்று சொல்லி மாலத்தீவுப் பயணத்திலிருந்து நீ கழன்றுகொண்டதற்குத் திட்டி எழுதத் தனிக் கடிதம் வேண்டும். நீ இருந்திருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. இவர்களை அதட்டக்கூடிய ஒரே வாய் உன்னுடையது. குறுக்குத்துறையில் பிடித்த விரால் யாருக்கு என்ற விவகாரத்தில் "இரைக்குப் போட்ட தவளை யாருதுலே?" என்று நீ கேட்டதை இன்றைக்கும் இரண்டு பேரும் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மைதீனுக்கு இந்தத் தூண்டில் பைத்தியம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துப் படுத்திருந்தபோது பிடித்தது. கடைக்குப் போகக் கூடாது, மாடி ஏறக் கூடாது, கையில் ஃபோன் மட்டும்தான். அதில் ஒரு வெள்ளைக்காரன் படகின் முனையில் நின்று மரக்கட்டையை வீசி, ஆளையே இழுத்துக்கொண்டு போகிற சைஸில் பாரை மீன் பிடிக்கிறான். நம் மார்க்கெட்டுக்கு வருகிற பாரை இல்லை. ஜயன்ட் ட்ரெவலி, சுருக்கமாக ஜி.டி. ஜப்பானில் 2006-ல் தூண்டிலில் மாட்டிய ஒன்று 72.8 கிலோ, அதுதான் உலக சாதனை. இசக்கி அவ்வளவு எடை தேறமாட்டான் என்பதை மைதீன் அவனிடமே சொன்னான்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் எட்டடித் தடி, ஷிமானோ ரீல், நாற்பத்தைந்து கிலோ இழுவை தாங்கும் பின்னல் தூண்டில் நரம்பு என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. ரீல் விலைக்கு நல்ல பைக் வாங்கலாம். அவன் வீட்டுக்காரி ஃபாத்திமா தங்கச்சியிடம் சொன்ன விலை வேறு, நீயும் வாயைத் திறந்துவிடாதே. பாப்பர் என்று ஒன்று, கையளவு மரமீன். முகத்தைக் குழித்து வைத்திருப்பார்கள். வீசிவிட்டு வெடுக்கு வெடுக்கென்று இழுத்தால் பொளக், பொளக்கென்று தண்ணீரைத் துப்பிக்கொண்டு வரும். மேலே ஏதோ அடிபட்ட மீன் தத்தளிக்கிறது என்று நம்பி அடியிலிருந்து பெரிசு ஏறி வர வேண்டும். இதை நயினார்குளத்தில் வீசிப் பழகினான். கொக்குகள் இடத்தைக் காலி செய்தன. டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இரை ஒண்ணும் கோக்கலியே, வெறுங்கட்டையவா போடுதீரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பயணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசத்துக்கு பஸ்ஸில் போகிற நேரம்தான். ஏர்போர்ட்டே ஒரு தனித் தீவு. வாசலில் ஆட்டோ நிற்கிற இடத்தில் படகு நிற்கிறது. இசக்கி துண்டில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை சுங்கத்தில் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ரசீது கொடுத்தார்கள். அவ்வளவு மரியாதையாக ஒரு பறிமுதலை நான் பார்த்ததில்லை. நாங்கள் தங்கியது ஊர்க்காரர்கள் குடியிருக்கும் தீவு, அங்கே சொட்டுகூடக் கிடையாது. இசக்கிக்குக் குடலும் சுத்தமாயிற்று, படகில் ஏறிய நாளெல்லாம் வாந்தி. வாயில் நாரத்தங்காயை ஒதுக்கிக்கொண்டு படுத்தே கிடந்தான்.

மாலே நகரைச் சுற்றி நாலுகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். 1987-ல் பேரலை ஊருக்குள் புகுந்த பிறகு ஜப்பான் உதவியில் கட்டியது. அந்த நாட்டில் உயரமான இயற்கை மேடே இரண்டரை மீட்டர் தேறாது. அந்தோணி அதையே பார்த்துக்கொண்டு வந்தான். "எங்க ஊருக்கு ஒரு தூண்டில் வளைவு கேட்டு எத்தன மட்டம் ரோட்டுல உக்காந்திருப்போம்" என்றான். கடலரிப்புக்குத் தடுப்புச் சுவர் கேட்டுக் கேட்டு அலுத்த உவரிக் கடற்கரைக்காரனுக்குச் சுற்றுலாவிலும் அதுதான் கண்ணில் படும்.

ஆனால் அவன் முகம் மலர்ந்தது தோணியைப் பார்த்தபோதுதான். விடியற்காலையில் எங்கள் படகுக் கேப்டன் சூரை (டூனா) பிடிக்கிற தோணி ஒன்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கத் திருவனந்தபுரத்தில் கொஞ்ச காலம் இருந்தவர், மலையாளம் வரும், அந்தோணிக்கு அது போதும். அங்கே சூரைக்கு வலை போடுவதில்லை சங்கரா. கம்பும் நரம்பும்தான். உயிரோடு வைத்திருக்கும் பொடிமீனை ஒருவன் வாரி இறைக்கிறான். தோணியின் பின்முனையான பின்னணியத்திலிருந்து குழாயில் தண்ணீரைத் தெளிக்கிறார்கள், கீழே இருக்கிற மீனுக்கு மேலே பொடிமீன் கூட்டம் துள்ளுகிறது என்று தோன்றும். ஆட்கள் வரிசையாக நின்று கம்பை இறக்குகிறார்கள், தூக்குகிறார்கள். முள்ளின் நுனியில் மீன் கழலாமல் இருக்கப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்குமே, அது இந்த முள்ளில் கிடையாது. அதனால் மீன் தோளுக்கு மேலே பறந்து போய்த் தளத்தில் தானே கழன்று விழுகிறது. திரும்பிப் பார்க்கிறவன் ஒருத்தன் இல்லை. அதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்தோணி வாயைத் திறந்தபடி நின்றான். கடைசியில், "இதுல்லா தொழிலு" என்றான்.

மைதீனுக்கு அது சுருக்கென்றது. "அப்போ நாங்க செய்யது என்னதாம்?"

"துட்டு குடுத்து மீன்கிட்ட மல்லுக்கட்டுதது."

எல்லோரும் சிரித்தோம். மைதீனும் சிரித்தான். இப்போது யோசித்தால் சண்டை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். இரண்டு பாருக்கு நடுவே கடல் உள்ளே புகுகிற வாய், நீவாடு, அதாவது நீரோட்டம், நல்ல வேகம். மேலே வாடைக்காற்று லேசாக. பார் இருக்கிற பக்கம் தண்ணீர் வெளிறிக் கிடக்கிறது, ஒரு கோடு கிழித்த மாதிரி அடுத்த பக்கம் கருநீலம். அந்தக் கோட்டின் மேல் மைதீன் வீசினான். நாலைந்து இழுப்புதான். தண்ணீர் வெடித்தது. கருத்த முதுகு ஒன்று உருண்டதைப் பார்த்தேன், கட்டையைக் காணோம். ரீல் அலறிக்கொண்டு நரம்பை விடுகிறது. கேப்டன் என்ஜினைப் போட்டுப் படகைப் பாரிலிருந்து வெளியே இழுத்தார். பாருக்குள் நுழைந்துவிட்டால் பவளத்தில் உரசி நரம்பு அறுந்துவிடும், அந்த மீனுக்கு அது நன்றாகத் தெரியுமாம்.

தடியின் அடி இடுப்புப் பட்டையில் இருக்கிற குழியில். மைதீன் பின்னால் சாய்ந்து தூக்குகிறான், குனிந்து சுற்றுகிறான். எங்கள் எல்லோர் கண்ணும் தண்ணீரில். அந்தோணி மட்டும் மைதீன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ஃபாத்திமா அவனைத்தான் தனியே கூப்பிட்டு, "அண்ணே, நீங்க பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரியும். மைதீனுக்கு உதடு வெளுத்து, இடது கால் ஆட ஆரம்பித்துவிட்டது. அந்தோணி பின்னால் போய்ப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். அது பரவாயில்லை. மீன் இரண்டாவது முறை ஓடியபோது தடி வளைந்து படகின் விளிம்பில் இடித்தது, மைதீன் முழங்கால் மடங்கி படகின் முன்பக்க அணியத்தில் முட்டியது. அந்தோணி ரீலுக்கு மேலே தடியைப் பிடித்து ஒரே தூக்கு.

"தொடாதல! விடுலே!" மைதீன் கத்தியது கரைக்கே கேட்டிருக்கும்.

அவன் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏற்றினார்கள்.

மூக்கிலிருந்து வால் கவட்டை வரை 118 சென்டிமீட்டர். முப்பது கிலோ இருக்கும் என்றார் கேப்டன். நெற்றி செங்குத்து, கண் ஒன்று நம் பழைய ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிசு. வால் பக்கம் இரண்டு ஓரத்திலும் ரம்பம் வைத்த மாதிரி முள்செதில். கேப்டனின் பையன் வெறுங்கையை நீட்டினான், அந்தோணி அவனைத் தள்ளிவிட்டு ஈரத் துண்டைச் சுற்றிப் பிடித்தான். குழம்புக்குத்தான் பிடிக்கிறான் என்று நினைத்தேன். கேட்கவும் செய்தான். கேப்டன் தலையாட்டிவிட்டார்: இதை விட்டுவிடுவதுதான் எங்கள் வழக்கம், தவிரவும் இந்தப் பெரிய பார் மீன்களில் சில சமயம் சிகுவடேரா என்கிற நஞ்சு சேர்ந்திருக்கும், எவ்வளவு கொதித்தாலும் போகாது, ராத்திரிக்கு சூரை இருக்கிறது என்றார். "முப்பது கிலோவ தண்ணியில விடவாலே துட்டு கட்டி வந்தோம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தோணிதான் அதைத் தண்ணீரில் இறக்கினான். படகு பைய நகர, தலையை நீவாட்டுக்கு எதிரே காட்டி, வயிற்றுக்கு அடியில் ஒரு கையும் வாலில் ஒரு கையும் கொடுத்து, செவுள் ஒழுங்காக அடிக்கும்வரை வைத்திருந்தான். ஒரு உதறு உதறி அவன் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று.

மைதீன் மீனோடு படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபோனை நீட்டினேன், "அது என் மீனில்ல" என்றான். 1939-லிருந்து இருக்கிற சர்வதேசச் சங்கம் ஒன்றின் விதியை எடுத்துவிட்டான்: மீன் மாட்டிய பிறகு வேறொருவன் தடியையோ ரீலையோ தொட்டால் அந்த மீன் கணக்கில் சேராது. சரிதான், அப்படி ஒரு விதி இருக்கிறது, நானும் பார்த்துவிட்டேன்.

"எந்தக் கடல்ல எழுதுனான் அந்த விதிய?" என்றான் அந்தோணி. "கடல்ல ஒருத்தன் விழப்போறான்னா, பக்கத்துல நிக்கவன் கேட்டுட்டா பிடிப்பான்?" அவன் பெரியண்ணன் விஷயம் உனக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. அதைக் கேட்டதும் நானும் இசக்கியும் வாயை மூடிக்கொண்டோம். மைதீன் மூடவில்லை. "நான் விழுந்தேனாலே? விழுந்தேனா? எல்லாரும் என் கையில இருக்கத வாங்கத்தான் பாக்குதிய" என்றான்.

அன்றிலிருந்து இப்படித்தான். திரும்பி வரும்போது விமானத்தில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள்.

முதலில் எனக்கு மைதீன் மேல்தான் எரிச்சல். உயிரைக் காப்பாற்ற வந்தவனிடம் விதி பேசுகிறானே என்று. இங்கே வந்தபிறகு கடைக்குப் போனேன். கல்லாவில் பையன் இருக்கிறான். மைதீன் ஓரத்தில் ஒரு ஸ்டூலில். ஸ்கூட்டர் சாவி ஃபாத்திமாவிடம். யாரோ பல்பு கேட்டார்கள், அவன் ஏணியில் கால் வைக்கப் போனான், "வாப்பா, நீங்க இருங்க" என்று வேலைக்காரப் பையனை ஏற்றினார்கள். எல்லாம் பாசம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு மாதம் அந்தக் குளக்கரையில் நின்று தோள் வலிக்க வீசியது எதற்கு என்று எனக்கு அங்கே பிடிபட்டது. ஒரு காரியத்தை யாரும் கை வைக்காமல் முடித்துவிட வேண்டும் அவனுக்கு. அதிலும் ஒரு கை வந்துவிட்டது. அந்தோணியிடம் இதைச் சொன்னேன். "தெரியும்ல" என்றான். "தெரிஞ்சிதான் பிடிச்சேன். நாளைக்கும் பிடிப்பேன்." அவனும் இறங்குகிற ஆள் இல்லை.

யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்காதே. அந்தோணி செய்தது சரி. மைதீனுக்குக் கோபம் வந்ததும் சரி. அந்தோணி வந்து மன்னிப்புக் கேட்பான் என்று மைதீன் காத்திருப்பது நடக்காத காரியம், கேட்கவும் கூடாது. வேறு ஏதாவது வழி கண்டுபிடி. அடுத்த வாடைக்கு மறுபடியும் போகலாம், அந்தோணியைக் கட்டிப்போட்டுவிடலாம் என்கிறான் இசக்கி. போனால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதை மைதீனிடம் சொல்லவும் நீதான் வேண்டும்.

சித்திரையில் பேத்திக்குக் காதுகுத்து, குறுக்குத்துறையில்தான். பத்திரிகை தனியே வரும். இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மற்றவன் வருகிறானா என்று கேட்டுக்கொண்டுதான். நீ முந்தின நாளே வந்துவிடு. அவர்களை ஒரே பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது உன் வேலை. நான் சோறு பற்றவில்லை, சாம்பார் பற்றவில்லை என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கமே வரமாட்டேன்.

அன்புடன்,
கணபதி

பி.கு: மாசிக் கருவாடு இரண்டு துண்டு பார்சலில் அனுப்பியிருக்கிறேன், அசல் மாலத்தீவுச் சரக்கு. அம்மியில் தட்டித்தான் உடைக்க வேண்டும். சின்ன வெங்காயம், வத்தல், தேங்காய்ப்பூ சேர்த்து இடித்தால் பழைய சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். முழுசாக மிக்ஸியில் போட்டு பிளேடை உடைத்துவிட்டு எனக்கு ஃபோன் பண்ணாதே.