மலைக் குளிருக்கு ஏற்ற தங்குமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஆண்டு நண்பர்களோடு சபா மாநிலத்தின் கினபாலு மலை ஏறினேன். சுமார் 3,270 மீட்டர் உயரத்தில், மலையேறிகள் தங்கும் இடமான பானாலாபானில் இரவு தங்கினோம். இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. கதவிடுக்கில் காற்று புகுந்துகொண்டே இருந்தது. சன்னல் கண்ணாடியின் உட்புறம் நீர் வழிந்தது.

குளிர் மிகுந்த லடாக்கில் பொறியாளர் சோனம் வாங்சுக் குழுவினர் அமைத்த செக்மோல் பள்ளிக்குத் தடித்த மண்சுவர்கள், தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடிகள். பகலில் வாங்கிய வெயிலைச் சுவர் இரவில் திருப்பித் தருகிறது. என்ன அருமையான யோசனை!

அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கினபாலு நிலநடுக்கோட்டுக்கு 6 டிகிரி வடக்கே இருக்கிறது. நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேலே; தெற்குக் கண்ணாடியில் வெயில் அவ்வளவாக விழாது. மேகமும் ஈரமும் அதிகம். சரி, நமக்கு எது பொருந்தும்? கூரையிலும் தரையிலும் நல்ல வெப்பக் காப்பு, காற்று புகாத இரட்டைக் கதவு, அப்புறம் ஈரம் வெளியேற ஒரு வழி. பொருள்கள் இலேசாகவும் இருக்க வேண்டும். முதுகில் சுமையோடு, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறிய ஒரு பெரியவரை வழியில் பார்த்தேன்; அவர் முழங்கால் நடுங்கியது.

நம் கட்டடக்கலை மாணவர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்