மூடியைத் திறக்காதே

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். பேரன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். வாரக் கடைசியில் அழுக்குத் துணிமூட்டையோடு வருகிறான், தூங்குகிறான், ஞாயிறு இரவு திரும்பிவிடுகிறான். நாம் வழக்கமாக உட்காரும் காப்பிக்கடையில் புரோட்டா போட்ட மாமா கடையை விட்டுவிட்டார். இப்போது அங்கே வேறு யாரோ நூடல்ஸ் விற்கிறார்கள்.

கண்ணாடித் துண்டுகளை உருக்கி ஒட்டி நானே செய்து பொங்கலுக்குக் கொடுத்தனுப்பிய நீலத் தட்டைப் பார்த்துவிட்டு நீயும் ஒரு கண்ணாடிச் சூளை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு. ஆனால் தெரிந்துகொண்டு வாங்கு. நான் தெரியாமல் வாங்கி முதல் இரண்டு வருஷம் உடைந்த துண்டுகளைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

நீயும் நானும் முப்பது வருஷம் கப்பல் பட்டறையில் வெல்டிங்கோடு கிடந்தவர்கள், அதனால் உனக்கு இது சீக்கிரம் விளங்கும். தடித்த எஃகுக் குழாயை வெல்டிங் செய்த பிறகு ஹீட்டர் சுற்றி, கம்பளம் போர்த்தி, 600 டிகிரி பக்கம் நிறுத்தி வைப்போமே, உள்ளே மாட்டிய இழுபறியைத் தளர்த்த, ஸ்ட்ரெஸ் ரிலீவிங்? 25 மி.மீ. தடிப்புக்கு ஒரு மணி நேரம் என்பது நம் கணக்கு. கண்ணாடிக்கும் அதே வேலைதான், பெயர் மட்டும் அனீலிங். உருகி ஒட்டிய கண்ணாடி ஆறும்போது வெளிப்பக்கம் முதலில் இறுகும், உள்ளே இன்னும் சூடாக இருக்கும். அந்த இழுபறி உள்ளேயே உறைந்துவிட்டால் தட்டு இன்றைக்கு உடையாது, அடுத்த மாதம் அலமாரியில் சும்மா இருக்கும்போது உடையும். எஃகு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கண்ணாடி கொடுக்காது. சூட்டையும் அது மெதுவாகத்தான் கடத்தும். அதனால் நான் வாங்கும் கண்ணாடிக்கு, 12 மி.மீ. தடிப்பென்றால் 482 டிகிரியில் இரண்டு மணி நேரம், 25 மி.மீ. என்றால் நாலு மணி நேரம். அதற்கப்புறம் இறக்கும் வேகம்தான் ஆளைக் கொல்லும். 12 மி.மீ. துண்டை மணிக்கு 55 டிகிரி இறக்கலாம், 25 மி.மீ. துண்டை மணிக்கு 15 தான். தடிப்பு இரண்டு மடங்கானால் வேகம் கால் பங்காகிவிடுகிறது. கனமான வார்ப்பு செய்கிறவர்கள் நாள்கணக்கில் காத்திருப்பது இதனால்தான்.

நான் பொறுக்கவில்லை. முதல் தட்டு, சூளை 200 டிகிரி காட்டுகிறது, "கொஞ்சம் எட்டிப் பார்ப்போமே" என்று மூடியை நாலு விரல் தூக்கினேன். டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இப்போது 50 டிகிரிக்குக் கீழே வரும் வரை கையை வைப்பதில்லை. போன மாதம் லோரோங் தாவாஸில் இருக்கும் தோ குவாங் டிராகன் சூளையை, மண்பாண்டம் சுடும் பழைய சூளையை, பார்க்கப் போயிருந்தேன், 1940இல் கட்டியது. விறகு போட்டு எரித்து முடித்த பிறகு, அது ஆறவே நாள்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சும்மா இருப்பதும் வேலைதான் என்பது மண்பானைக்காரர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இரண்டாவது பெரிய பாடம், எந்தக் கண்ணாடியும் எந்தக் கண்ணாடியோடும் சேராது. சூடாகும்போது ஒவ்வொன்றும் விரியும் அளவு வேறு. அமெரிக்காவில் போர்ட்லாந்தில் 1974இல் தொடங்கிய புல்ஸ்ஐ கண்ணாடியை எல்லோரும் '90' என்பார்கள். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி ஒரு டிகிரி சூட்டுக்கு 9 மைக்ரான் நீளும் என்பதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். '96' என்று இன்னொரு வகை இருக்கிறது. இரண்டையும் கலந்தால் கதை முடிந்தது. நான் கலந்தேன். ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த வண்ணத் துண்டுகள், பையில் எண் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. மயில் ஒன்று செய்து வரவேற்பறையில் வைத்தேன். மூன்றாம் நாள் நடுராத்திரி கழுத்து தனியாக விழுந்தது. உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, திருடன் என்று நினைத்து விளக்கமாற்றோடு வந்துவிட்டாள்.

எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கண்ணாடி இளகும் விதமும் ஒத்துப்போக வேண்டும். அதனால் ஒரே தயாரிப்பாளர் 'இது இதோடு சேரும்' என்று சோதித்துத் தரும் கண்ணாடியை மட்டும் வாங்கு. சந்தேகம் வந்தால் ஒரு வழி இருக்கிறது. தெளிவான கண்ணாடிப் பட்டை மேல் வண்ணச் சில்லு வைத்து உருக்கி முறையாக ஆறவிடு. பழைய எல்சிடி கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திற. போலரைஸ்டு கறுப்பு மூக்குக்கண்ணாடி வழியே திரையைப் பார்த்து, திரை இருண்டுபோகும் வரை அதைத் திருப்பு. இப்போது உன் சில்லைத் திரைக்கு முன்னால் பிடி. சில்லைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் உள்ளே இழுபறி இருக்கிறது, தூக்கிப் போடு. சாமி படத்துக்குத்தான் ஒளிவட்டம் நல்லது.

சரி, சூளைக்கு வருகிறேன். மண்பாண்டச் சூளையைப் பாதி விலைக்கு யாராவது தள்ளப் பார்ப்பார்கள். பக்கச் சுவரில் மட்டும் கம்பிச் சுருள் இருந்தால், தட்டையான கண்ணாடியின் ஓரம் முதலில் சூடாகும், நடு பின்தங்கும், விரிசல் வரும். மூடியிலும் சுருள் இருப்பதைப் பார்த்து வாங்கு. படிப்படியாக வேகமும் நேரமும் பதியக்கூடிய கன்ட்ரோலர் கட்டாயம். அது இல்லாத சூளையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மின்சாரம் உங்கள் ஊரிலும் இங்கேயும் ஒரே கதை. 13 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் வரை வரும், ஆனால் சூளை மணிக்கணக்கில் இழுக்கும், பிளக் பழுத்துவிடும். என்னுடையது 2.4 கிலோவாட், அதற்கே தனி வயர், தனி பிரேக்கர், உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டேன். வீவக அடுக்குமாடி வீட்டில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடிக்கு அடியில் விரிக்கும் ஃபைபர் பேப்பர் முதல் தடவை எரியும்போது வரும் நாற்றம் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஊபியில் மருமகனின் பட்டறையில் ஒரு மூலை கிடைத்தது. உனக்கு அந்தக் கவலை இல்லை, பின்கட்டில் சிமெண்ட் தரை இருக்கிறதே. சுவரிலிருந்து ஓரடிக்கு மேல் தள்ளி வை, மேலே துணிக்கொடி கட்டாதே.

சூளைத் தட்டில் கண்ணாடி ஒட்டாமலிருக்கக் கில்ன் வாஷ் என்ற வெள்ளைக் கரைசல் பூச வேண்டும். அலுமினாவும் களிமண்ணும் கலந்தது, தண்ணீர் மோர் மாதிரி இருக்கும். மெத்தென்ற தூரிகையால் ஒரு தடவை நெடுக்காக, ஒரு தடவை குறுக்காக, அப்புறம் இரண்டு மூலைவாட்டமாக, இப்படித் திசை மாற்றி மாற்றி மொத்தம் ஐந்து பூச்சு. நம் ஊர் ஈரப்பதத்தில் காய்ந்ததுபோல் தெரியும், காய்ந்திருக்காது. வெறும் சூளைத் தட்டை 260 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து எடுத்துவிடு, இல்லையென்றால் கண்ணாடிக்கு அடியில் ஆவி கிளம்பிக் கொப்புளம் போடும். பழைய பூச்சைச் சுரண்டும்போது என்95 முகக்கவசம் போடு. நம்மோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிறார்கள் என்று உனக்கே தெரியும்.

வெட்டுவதைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், கையால்தான் வரும். ஒரே கோடு, ஒரே அழுத்தம், மேலே திரும்பப் போகாதே.

3 மி.மீ. கண்ணாடி இரண்டு அடுக்கு, கொஞ்சம் அகலமான தட்டு, இதுதான் உன் முதல் வேலை. என் குறிப்பேட்டிலிருந்து அப்படியே தருகிறேன். மணிக்கு 200 டிகிரி வேகத்தில் 670 வரை. அங்கே அரை மணி நேரம், அடுக்குகளுக்கு நடுவில் மாட்டிய காற்று வெளியேறட்டும். அப்புறம் மணிக்கு 300 வேகத்தில் 804, பத்து நிமிடம். அங்கிருந்து முடிந்த வேகத்தில் 482க்கு இறங்கி ஒரு மணி நேரம் நிற்கட்டும். மணிக்கு 55 வீதம் 370 வரை. பிறகு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போ. 700 முதல் 760 வரை அதிக நேரம் நின்றால் மேல்பரப்பு பாலாடை படிந்தமாதிரி மங்கிவிடும், கைரேகையும் அழுக்கும் இருந்தால் இன்னும் மோசம். அடுக்குவதற்கு முன் நன்றாகக் கழுவித் துடை. ஒவ்வொரு சூளையும் பத்து டிகிரி முன்னேபின்னே பொய் சொல்லும், அதனால் முதலில் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று சின்னத் துண்டுகள் வைத்துப் பார்.

ஏன் இரண்டு அடுக்கு என்று கேட்பாய். உருகிய கண்ணாடிக்கு 6 மி.மீ. தடிப்பில் இருக்கத்தான் பிடிக்கும். ஒற்றை அடுக்கு வைத்தால் உள்வாங்கிச் சுருங்கி, ஓரத்தில் ஊசி ஊசியாக நிற்கும். மூன்று அடுக்கு வைத்துச் சுற்றிலும் அணை கட்டாவிட்டால் வழிந்து பரவும்.

தட்டு கிண்ணமாக வேண்டுமென்றால் துளையுள்ள களிமண் அச்சின் மேல் வைத்து இன்னொரு முறை சுட வேண்டும், 650 டிகிரி பக்கம் அதுவாகவே தொய்ந்து உள்ளே இறங்கும். இந்த முறை மெதுவாக ஏற்று, மணிக்கு 150க்கு மேல் வேண்டாம், ஏனென்றால் இப்போது அது ஒரே தடித்த துண்டு. பார்வைத் துளை வழியே பார்க்கும்போது நம் பழைய கேஸ் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொள். என்னுடையது இன்னும் இருக்கிறது, காது மாட்டிதான் போய்விட்டது.

பழைய ஜன்னல் கண்ணாடி வைத்துச் செய்யலாமா என்று கேட்டாயே, செய்யலாம். 820 டிகிரிக்கு மேல் போக வேண்டும், ஆறவிடும் சூடும் 550 பக்கம். ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளை மட்டும் சேர். உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்வதால் அதற்கு ஒரு தகரப் பக்கம் உண்டு. அந்தப் பக்கம் எல்லாத் துண்டுகளிலும் ஒரே திசையில் இருக்கட்டும். அழகு என்று பார்த்தால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, பச்சை அடித்துக் குளத்துத் தண்ணீர் மாதிரி இருக்கும். பழகுவதற்குச் சரி.

அப்புறம், அந்த நீலத் தட்டில் உன் வீட்டுக்காரி சுடச்சுட சாம்பார் ஊற்றிவிடப் போகிறாள், சொல்லி வை. முறுக்கு வைக்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் உன் வீட்டு மின்பெட்டியைத் திறந்து படம் எடுத்து அனுப்பு. தீபாவளிக்கு வரும்போது ஊபிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், வெட்டும் பேனாவைப் பிடித்துப் பார்க்கலாம். இப்போது உள்ளே ஒரு குத்துவிளக்குத் தட்டு இருக்கிறது, மருமகன் அனுப்பிய படத்தில் 118 டிகிரி. சாயங்காலம்தான் திறக்க வேண்டும்.

அன்புடன்,
மணியம்