சேர்வரின் காவலை அணைத்துவிட்டுப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு கணினிப் பக்கத்தில் சொந்தமாகச் சேர்வர் வைத்திருக்கும் சிறு அலுவலகங்களுக்குப் பாதுகாப்பு யோசனைகள் வந்திருந்தன. நீளமான கடவுச்சொல், வாராந்த பேக்கப், உடனுக்குடன் அப்டேட். எல்லாம் சரி. ஆனால் சேர்வர்களை இயக்கும் லினக்ஸின் பல வகைகளோடு சும்மாவே வருகிற, எங்கள் பக்கத்தில் வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே அணைத்துவிட்டுப் போகிற எஸ்.ஈ.லினக்ஸ் என்ற காவல் ஏற்பாடு பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஹட்டனில் ஒரு சேமிப்புச் சங்கத்தில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். அங்கத்தவர்கள் அநேகமாகத் தோட்டத்துச் சனங்கள். கடன் விண்ணப்பத்தோடு அடையாள அட்டைப் பிரதியும் சேமலாப நிதி இலக்கமும் தருவார்கள். இணையத்தளத்தைப் புதிய சேர்வருக்கு மாற்ற ஒருவரை அழைத்தார்கள். அவர் கோப்புகளைத் தன் ஹோம் ஃபோல்டரில் இறக்கி, அங்கிருந்து தளத்தின் இடத்துக்கு நகர்த்தினார். பக்கம் திறக்கவில்லை. "பேர்மிஷன் டினைட்" என்று வந்தது. ஃபோல்டர்களுக்கு 777 போட்டு எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துப் பார்த்தார், தன் ஹோம் ஃபோல்டர் உட்பட. அப்படியும் திறக்கவில்லை. கடைசியில் "செட்என்ஃபோர்ஸ் 0" என்று, எஸ்.ஈ.லினக்ஸ் தடுப்பதை நிறுத்தும் ஒரு கட்டளை அடித்தார், உடனே திறந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தாலும் எழும்பாதபடி கொன்ஃபிக் கோப்பிலும் எஸ்.ஈ.லினக்ஸை நிறுத்தி எழுதிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போனார். அவரைத் திட்டி எழுத எனக்கு மனமில்லை. அவருக்குக் கற்பித்ததே அப்படித்தான்.

அன்று சேர்வர் ஏன் மறுத்தது? எஸ்.ஈ.லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும், ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு முத்திரை உண்டு, லேபிள் என்பார்கள். எந்த முத்திரை உள்ள புரோகிராம் எந்த முத்திரை உள்ள கோப்பைத் தொடலாம் என்பது பொலிசி எனும் சட்டத் தொகுப்பில் எழுதியிருக்கும். எழுதாதது எல்லாம் மறுப்பு. ஹோம் ஃபோல்டரில் பிறந்த கோப்பை நகர்த்தினால் பழைய முத்திரையும் கூடவே வரும். நகல் எடுத்து வைத்திருந்தால் புது இடத்தின் முத்திரை கிடைத்திருக்கும். "ரெஸ்டோர்கான்" என்று ஒரே ஒரு கட்டளை அடித்திருந்தால் சில நொடிகளில் முத்திரை சரியாகி, பக்கம் திறந்திருக்கும். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் முழுக் காவலும் போனது.

கொஞ்ச நாளில், படிவம் ஏற்றும் பக்கத்தில் இருந்த ஓட்டை வழியாக யாரோ ஒரு ஸ்கிரிப்டை உள்ளே போட்டார்கள். அதை ஓட்டியது, பக்கங்களைக் கொடுக்கும் புரோகிராமான எங்கள் வெப் சேர்வர்தான். எஸ்.ஈ.லினக்ஸ் இயங்கியிருந்தால் வெப் சேர்வரின் முத்திரைக்கு ஹோம் ஃபோல்டரை வாசிக்க வழக்கமாக அனுமதி இல்லை, வெளியே தானாகத் தொடர்பு எடுக்கவும் அனுமதி இல்லை. எங்களிடம் மறிக்க எதுவும் இல்லை. பேக்கப் கோப்பு அந்த 777 ஹோம் ஃபோல்டரிலேயே கிடந்தது. அதை எடுத்தார்கள். இரவு முழுக்க எங்கள் சேர்வரிலிருந்து குப்பை மின்னஞ்சலும் போனது. விஷயம் கேள்விப்பட்டு வந்த ஒரு அம்மா, கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்தவர், "மகள், என்ட ஐடென்டி காட் கொப்பி இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் நான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

என் அப்பா மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து ஃபெக்டரியில் ரோலர் அறையில் வேலை செய்தவர். தேயிலைத் தூள் கட்டி வைத்திருக்கும் அறைச் சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் பழக்கத்துக்காகச் சாவியை யாருக்கும் கொடுத்துவிடலாம். லினக்ஸின் சாதாரண அனுமதி இந்த மாதிரி: கோப்புக்குச் சொந்தக்காரர் நினைத்தால் யாருக்கும் திறந்துவிடலாம், ரூட் எனும் முழு அதிகாரக் கணக்கு என்றால் தடையே இல்லை. எஸ்.ஈ.லினக்ஸ் வேறு. சாவி கையில் இருந்தாலும், ரோலர் அறை ஆள் தூள் அறைக்குள் போக முடியாது என்று நிர்வாகம் போட்ட சட்டம் அது. சாவி வைத்திருப்பவராலும் அதை மாற்ற முடியாது. ரூட்டாக ஓடும் புரோகிராமையும் அது கட்டும். இப்படிப்பட்ட கட்டாய அணுகல் கட்டுப்பாட்டை உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ஆப்ஆர்மர் செய்கிறது, முத்திரைக்குப் பதில் கோப்பின் பாதையைப் பார்த்து.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் 2000 டிசம்பரில் எஸ்.ஈ.லினக்ஸை மூல நிரலோடு வெளியிட்டது. உளவு நிறுவனம் செய்ததை நம்பலாமா என்று கேட்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். நியாயமான கேள்வி. வெளியான நாள் முதல் யாரும் வாசித்துப் பார்க்கக்கூடிய நிரல் அது, 2003இல் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. 2014இல் வந்த ஆண்ட்ராய்ட் 5.0 முதல் ஆண்ட்ராய்ட் கைபேசியிலும் இது முழுதாக இயங்குகிறது. சேர்வரில் தொல்லை என்று அணைக்கிறவரின் சட்டைப் பையிலேயே அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்தச் சேர்வர் என் பொறுப்பில். திடீரென்று என்ஃபோர்சிங் எனும், மறுத்துத் தடுக்கும் கட்டாய நிலைக்குப் போகவில்லை. முதலில் பேர்மிசிவ் நிலையில் வைத்தேன். அந்த நிலையில் அது எதையும் தடுக்காது, எதைத் தடுத்திருக்கும் என்று மட்டும் குறித்து வைக்கும். எல்லாக் கோப்புக்கும் முத்திரை புதிதாகக் குத்தவைத்து, அந்தக் குறிப்புகள் சேரும் ஓடிட் லொக்கை இரண்டு வாரம் தினமும் வாசித்தேன். முத்திரை பிழைகள் சில. அப்புறம், வேறு கணினியில் உள்ள டேட்டாபேஸோடு வெப் சேர்வர் பேச எஸ்.ஈ.லினக்ஸில் ஒரு சுவிட்சைப் போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான், பிறகு என்ஃபோர்சிங்குக்கு மாற்றினேன். மறுப்புகளை எல்லாம் அப்படியே அனுமதிகளாக மாற்றித் தரும் "ஓடிட்டுஅலவ்" என்ற கருவியும் இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் விளங்கிக்கொள்ளாமல் அதைப் பாவிப்பதும் அணைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இது ஓட்டையை அடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். வெப் சேர்வருக்கு டேட்டாபேஸை வாசிக்க அனுமதி இருந்தால், உள்ளே நுழைந்தவனும் அதை வாசிப்பான். அப்டேட் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரு அறையில் புகுந்தவன் முழு ஃபெக்டரியையும் சுற்றி வர முடியாது.

மலையகத்தில் கணினிப் பாடநெறி நடத்துபவர்களிடம் கேட்கிறேன். சேர்வர் பாடத்தின் முதல் படியாக "எஸ்.ஈ.லினக்ஸை அணை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் முத்திரை பார்ப்பதையும் லொக் வாசிப்பதையும் தமிழில் சொல்லிக்கொடுங்கள். சங்கங்கள், பாடசாலைகள், சிறு கடைகள் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் லினக்ஸ் சேர்வரை ஒருவர் அமைத்துக் கொடுத்தால், கடைசிக் கொடுப்பனவுக்கு முன் உங்கள் கண்முன்னே "கெட்என்ஃபோர்ஸ்" என்று அடிக்கச் சொல்லுங்கள். திரையில் என்ஃபோர்சிங் என்று வரவேண்டும். உபுண்டு என்றால் ஆப்ஆர்மர் நிலையைக் காட்டச் சொல்லுங்கள். வேறு ஏதாவது வந்தால், ஏன் என்று அவர் விளக்கும்வரை காசை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சேர்வர் பராமரிக்கும் ஒரு வாசகி,
டிக்கோயா