பழைய மருந்தே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் டெங்கி பரவுகிறது என்று செய்தி வந்துவிட்டால் போதும், எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கோரிக்கைதான்: புகை அடிக்கச் சொல்லுங்கள், தினமும் அடிக்கச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு படி மேலே போய், "இப்போது அடிப்பதெல்லாம் வெறும் புகை, அந்தக் காலத்து டிடிடி மாதிரி அடித்தால் ஒரு கொசு மிஞ்சாது" என்று பெரியவர்கள் எழுத, இளையவர்கள் அதற்குக் கட்டைவிரல் போடுகிறார்கள். தேக்கா காப்பிக்கடையிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அந்த மருந்து என்ன செய்தது, ஏன் அதை ஓரங்கட்டினார்கள் என்று தெரியாமலேயே திரும்பக் கொண்டுவரச் சொல்வது எனக்குக் கவலையாக இருக்கிறது.

டிடிடி என்ற அந்தப் பூச்சிமருந்து உயிர்களைக் காப்பாற்றியது, கொஞ்ச நஞ்சம் அல்ல. அதை யாரும் மறுக்க முடியாது. அது பூச்சிகளைக் கொல்லும் என்று 1939-இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தார், 1948-இல் அதற்காகவே அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பேன் மூலம் பரவிய டைபஸ் காய்ச்சலை, மக்களின் சட்டைக்குள் இந்தப் பொடியைத் தூவித்தான் அடக்கினார்கள். இலங்கையில் 1946-இல் ஏறக்குறைய 28 லட்சம் பேருக்கு மலேரியா, 1963-இல் வெறும் 17 பேருக்கு. மலாயா ரப்பர் தோட்டங்களில் நம் ஆட்கள் குளிர்காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்த கதையைக் கேட்டு வளர்ந்த எந்தக் குடும்பமும் இந்த எண்களைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. பெரியவர்களுக்கு அந்தப் பெயர்மீது இன்னும் நம்பிக்கை இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

சரி, அது எப்படி வேலை செய்தது? மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் வகைக் கொசுக்களில் பல, இரவில் வீட்டுக்குள் வந்து ரத்தம் குடித்துவிட்டு, வயிறு கனத்துப்போய் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்து இளைப்பாறும். சுவரில் ஒரு தடவை டிடிடி அடித்தால் ஆறு மாதத்துக்கு அங்கேயே இருக்கும், உட்காரும் கொசு சாகும். சுவரில் இருக்கும்வரை அந்த நீண்ட ஆயுள் நமக்கு நன்மை. அதையே வயலிலும் தோப்பிலும் காட்டிலும் விமானத்திலிருந்து டன் கணக்கில் கொட்டியபோது அந்த ஆயுள்தான் வினையாகிவிட்டது. மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மழையில் அடித்துக்கொண்டு போய் ஆற்றில் சேர்ந்தது பாசியில் ஏறி, அதைத் தின்னும் பூச்சியில் ஏறி, சின்ன மீன், பெரிய மீன், மீன் தின்னும் பறவை என்று ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும். கடைசிப் படியில் மனிதனும் இருக்கிறான். தாய்ப்பாலிலேயே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கலிஃபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஒரு ஏரி. அங்கே கடிக்கக்கூடச் செய்யாத ஒரு சின்னப் பூச்சியின் தொல்லைக்காக, டிடிடியின் நெருங்கிய உறவான ஒரு மருந்தை 1949 தொடங்கி மூன்று முறை கலந்தார்கள். 1954-இல் கலந்த அளவு ஐந்து கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, அவ்வளவுதான். அங்கே செத்து மிதந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு இருந்தது. கணக்குப் போட்டால் தண்ணீரில் இருந்ததைப் போல 80,000 மடங்கு! டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ பறவை முட்டையின் ஓட்டை மெலிதாக்கிவிடும், தாய்ப் பறவை அடைகாக்க உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கும். அமெரிக்காவின் வெண்தலைக் கழுகு அப்படித்தான் அழிவின் விளிம்புக்குப் போனது. 1972-இல் அங்கே டிடிடியைத் தடைசெய்த பிறகு மெல்ல மெல்ல மீண்டு, 2007-இல்தான் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, பக்கத்து வீட்டுக் கதை ஒன்று. 1950களில் மலேரியா ஒழிப்புக்காக போர்னியோவில் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் நீண்ட வீடுகளில் டிடிடியும் டீல்ட்ரின் என்ற இன்னொரு பூச்சிமருந்தும் அடித்தார்கள். மேலில் ஒட்டியதை நக்கிய பூனைகள் செத்தன. கூரையைத் தின்னும் புழுக்களை அடக்கி வைத்திருந்த குளவிகளும் சாக, புழுக்கள் பெருகிக் கூரைகள் அரிபட்டு விழுந்தன. 1960-இல் சரவாக் மலைப்பகுதியான பாரியோவில் எலிகள் பயிரை அழிக்கத் தொடங்கியபோது, இங்கே சாங்கியிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படை விமானம் ஒன்று மற்ற சாமான்களோடு இருபதுக்கும் மேற்பட்ட பூனைகளைக் கூடையில் வைத்து பாராசூட்டில் இறக்கியது. பின்னாளில் இந்தக் கதையை ஊதிப் பெருக்கி பதினாலாயிரம் பூனை என்றெல்லாம் எழுதிவிட்டார்கள், அது பொய். இருபது சொச்சம் பூனைகள் போனது நிஜம்.

இலங்கைக் கதையின் மறுபாதியையும் நம் ஆட்கள் சொல்வதில்லை. 17 பேர்தான் என்றதும் மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968, 69-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். மறுபடி டிடிடியை எடுத்தபோது கொசுக்கள் அதற்குப் பழகிவிட்டிருந்தன, 1970களில் மாலத்தியான் என்ற வேறு மருந்துக்கு மாற வேண்டியதாயிற்று. 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது என்றால், அதற்குப் பின்னால் காய்ச்சல்காரர் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து ரத்தம் சோதித்த ஊழியர்கள் நடையாய் நடந்த உழைப்பு இருக்கிறது. இன்னொன்று, தடை தடை என்கிறார்களே, எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களை ஒதுக்க உலக நாடுகள் செய்த 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில்கூட (சிங்கப்பூர் 2005-இல் அதை ஏற்றது) நோய்ப் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் டிடிடிக்கு விலக்கு உண்டு. மலேரியா கொல்லும் நாடுகளில் வீட்டுச் சுவரில் அடிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே அது குழந்தையின் உயிர்.

நம் பிரச்சினையோ டெங்கி. ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது, கட்டிலுக்கு அடியிலும் அலமாரித் துணியிலும் திரைச்சீலையிலும் ஒளிந்துகொள்கிறது, சுவரில் அடிக்கும் மருந்து அதற்கு அவ்வளவாக எட்டாது. அதைவிட முக்கியம், இப்போது புகையாக அடிப்பதில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்துகள். பைரித்ராய்டும் டிடிடியும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றுக்குப் பழகிய கொசு பல நேரம் மற்றதற்கும் சாகாது. சிங்கப்பூர் ஏடிஸ் கொசுக்களிடம் பைரித்ராய்டு எதிர்ப்புத் தன்மை இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, பழைய மருந்து வந்து எதைச் சாதிக்கும்?

புகை அடிக்கும் நாளில் தாழ்வாரத்தில் நடப்பதைக் கவனியுங்கள். புகை வருகிறது என்றதும் எல்லாரும் கதவையும் ஜன்னலையும் இழுத்துச் சாத்துகிறோம், உள்ளே இருக்கும் கொசுவுக்கு ஆபத்தே இல்லை. போன முறை அடித்து முடித்த பிறகு எங்கள் தாழ்வாரத் தரையில் இரண்டு தேனீக்கள் மல்லாந்து கிடந்து காலை உதறிக்கொண்டிருந்தன. என் கறிவேப்பிலைத் தொட்டியில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் சுருண்டு கீழே விழுந்திருந்தன. நாலு வீடு தள்ளி, யாரும் கவனிக்காத ஒரு பூந்தொட்டித் தட்டிலோ கொசுப்புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வழக்கம்போல நெளிந்தன. ஒரு வாரத்தில் அவை கொசுவாகப் பறக்கும். கொசு விஷயத்தில், பறப்பதை மட்டுமே புகை தீர்க்கிறது, புழுவை அல்ல. டெங்கிக் குழுமம் (அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு மேல் டெங்கி) உள்ள இடத்தில், நோய்க் கிருமியோடு பறக்கும் கொசுவைக் கொல்ல அது தேவை, மறுக்கவில்லை. மற்ற இடத்தில் தினமும் அடிக்கச் சொல்வது தேனீயைக் கொன்று கொசுவுக்குப் பயிற்சி கொடுப்பதுதான்.

அப்புறம், ஊருக்குப் போய் வரும்போது பையில் பூச்சிமருந்துப் பொட்டலம் கொண்டுவரும் பழக்கம். நம்மவர்களுக்கு காமாக்சின் பொடி, எண்ட்ரின் எல்லாம் வீட்டுப் பெயர்கள் மாதிரி. கரப்பானுக்கும் எறும்புக்கும் என்று அரிசி டப்பாவைச் சுற்றி வெள்ளைக் கோடாகப் பொடியைத் தூவி, அதே தரையில் குழந்தையைத் தவழவிடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். காமாக்சினில் இருந்த லிண்டேன், எண்ட்ரின், எண்டோசல்ஃபான் எல்லாமே இன்று அந்த உடன்படிக்கைப் பட்டியலில் இருப்பவை. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோப்புகள் மேல் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறையோடும் பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வருடக்கணக்கில் போராடினார்கள், 2011-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. லேபிள் இல்லாத பொடி எதுவாக இருந்தாலும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் சிங்க்கிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, புளோக்குக்குக் கீழே ஓடும் கால்வாய் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது, அதைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறோம்.

டிடிடி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தே மலேரியாவைக் குறைத்தார். நமக்குச் சதுப்பு வெட்டும் வேலைகூட இல்லை. 20 காசு அகலத்துக்குத் தண்ணீர் தேங்கினாலே ஏடிஸுக்குப் போதும், முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் தட்டைக் கவிழ்ப்பதோடு விடாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். துணி காயப்போடும் மூங்கில் கம்பு செருகும் குழாய்க்கு மூடி போட வேண்டும். 2016-இல் தொடங்கிய வோல்பாக்கியா திட்டத்தில் விடும், அந்தப் பெயருள்ள பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்கள் கடிக்காது, அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. "கொசுவை அவர்களே விடுகிறார்கள்" என்று குழுவில் வதந்தி பரப்புவதை நிறுத்தினாலே பெரிய உதவி.

நகர மன்றங்களுக்கும் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனங்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். மருந்தடிக்கும் முன் மின்தூக்கி அருகே ஒட்டும் அறிவிப்பில், நேரத்தோடு மருந்தின் பெயரையும், எந்தக் காரணத்துக்காக அடிக்கிறார்கள் என்பதையும், மீன்தொட்டியையும் பூனையையும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தமிழிலும் போடுங்கள். எங்கள் புளோக்கில் தனியாக இருக்கும் தமிழ்ப் பாட்டிமார் சிலருக்கு ஆங்கில அறிவிப்பைப் படித்துச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உட்லண்ட்ஸ்