கேமராவை விற்றுவிடாதே மச்சான்

குன்னூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் நலம். குளிர் தொடங்கியதும் அம்மாவின் முழங்கால் வலியும் தொடங்கிவிட்டது. தங்கச்சிக்கு ஊட்டிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. காட்டேரி அருவிக் கதையை உன் வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை, நிம்மதியாக இரு.

அவசரமாக எழுதக் காரணம், நம் நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருக்கும் மாமா. நவம்பர் 30-ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அதற்குள் அவர் வேலை செய்வதை வீடியோவாக எடுத்து அத்தை கையில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீயோ கேமராவை விற்கப் போவதாக எழுதியிருக்கிறாய்! விற்காதே. அதுவும் வேண்டும், நீயும் வேண்டும்.

போன மே மாதம் நீ எடுத்ததில் ரயில் வரும் நேரத்தில் படம் தெளிவதும் மங்குவதுமாகத் தவித்தது அல்லவா? அது கேமராவின் பழுது இல்லை. உன்னுடையது போன்ற சின்னக் கேமராக்கள் பெரும்பாலும் காட்சியில் இருக்கும் விளிம்புகளை வைத்துத்தான் ஃபோகஸ் செய்கின்றன. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் விளிம்பு மிகக் கூர்மையாகிறதோ அங்கே நிறுத்தும். நம் மூடுபனியில் விளிம்பு ஏது? அதோடு எஞ்சினின் நீராவியும் சேர்ந்தால் திரை முழுக்க ஒரே வெள்ளை. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் அது தேடிக்கொண்டே இருக்கிறது. புகைப்படத்தில் இந்தத் தேடல் யாருக்கும் தெரியாது. வீடியோவில் அத்தனையும் பதிவாகிவிடும், சில சமயம் லென்ஸ் மோட்டாரின் சத்தத்தோடு.

அதனால் ஆட்டோவை அணைத்துவிட்டு மேனுவலுக்கு மாற்று. மெனுவில் 'பீக்கிங்' என்று ஒன்று இருக்கும். ஃபோகஸில் இருக்கும் விளிம்புகளுக்குத் திரையில் நிறம் பூசிக் காட்டும். நிறத்தைச் சிவப்பாக வைத்துக்கொள். நம் பச்சையில் மஞ்சளும் வெள்ளையும் எடுபடாது. வெயில் அடித்தால் பீக்கிங்கின் அளவைக் குறைத்து வை, இல்லாவிட்டால் சரளைக்கல்லும் இலையுமாகக் கண்டதெல்லாம் சிவந்து எது உண்மை என்றே தெரியாது. பனி இறங்கினால் அளவைக் கூட்டு. இந்தச் சிவப்பு வீடியோவில் பதிவாகாது, திரையில் மட்டும்தான்.

ஆனால் பீக்கிங்கை மட்டும் நம்பாதே. அது 'ஏறக்குறைய இங்கே' என்றுதான் சொல்லும். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியையும் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள். என் கேமராவில் ரெக்கார்டிங் தொடங்கிவிட்டால் அந்த வசதி வேலை செய்யாது, அதனால் முதலிலேயே முடித்துவிடுகிறேன். ரயில் வருவதற்கு முன்பே, வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, மாமா கடக்கப்போகும் இடத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற பல் தண்டவாளத்தில் ஃபோகஸ் வைப்பேன். அந்தப் பற்களுக்கு விளிம்பு அவ்வளவு கச்சிதம், சிவப்பு பளிச்சென்று ஏறும். அப்புறம் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதே இல்லை. ஜூமை முதலில் முடிவு செய், ஃபோகஸ் அதற்குப் பிறகுதான். ஜூமை நகர்த்தினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும். காத்திருக்கும்போது கேமரா தானாக அணையாதபடியும் பார்த்துக்கொள், திரும்ப எழும்போது வைத்த இடத்தை மறந்துவிடலாம்.

ஜூம் செய்யாமல் முழு அகலத்தில் எடுத்தால் கவலையே இல்லை. உன் கேமராவின் ஒரு அங்குல சென்சாரில், லென்ஸின் ஒளித் துவாரத்தை (அப்பர்ச்சர்) எஃப் 4-ல் வைத்து இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் ஒன்றேகால் மீட்டரிலிருந்து தூரத்து மலை வரை எல்லாம் தெளிவாக விழும். ஷட்டரை 1/50 நொடியில் வைத்து நொடிக்கு 25 ஃபிரேமில் எடு. வெளிச்சத்தையும் கையால் பூட்டிவிடு. இல்லையென்றால் நீராவி வெள்ளையாகப் பொங்கும்போது கேமரா பதறி மாமாவின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும்.

அந்த முகத்துக்காகத்தான் இத்தனை பாடு. நீயே யோசித்துப் பார், மேலே ஏறும்போது எஞ்சின் ரயிலின் பின்னால்தான் இருக்கிறது. கல்லாரிலிருந்து குன்னூர் வரை, பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிற பாதையில், அது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது. முன்னால் பாதையில் கல் கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்று டிரைவருக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் ஆள்தான் அவருக்குக் கண். மழையிலும் பனியிலும் மாமா அங்கேதான் நின்றார். 1899-லிருந்து ஓடும் ரயில் இது. படமெடுக்க வருகிற கூட்டமெல்லாம் எஞ்சினைத்தான் எடுக்கிறது. முகப்பில் நிற்பவர் அவர்களுடைய படத்தில் ஓரத்தில் பாதி தோளாக இருந்தால் பெரிது. எனக்கு இது பொறுக்கவில்லை மச்சான். அத்தையும்கூட அவர் அங்கே நின்று வருவதை ஒருநாளும் பார்த்ததில்லையாம்.

பயம் என்னவென்றால் மழை. ஐப்பசியில் கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே மண் சரிந்தால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி நின்றுவிட்டால் மாமாவின் கடைசி ஓட்டம் யாருக்கும் தெரியாமலே முன்கூட்டி முடிந்துபோய்விடலாம். அதனால் நவம்பர் வரை காத்திருக்கக் கூடாது.

நீ திருப்பூரிலிருந்து முந்தின இரவே மேட்டுப்பாளையம் வந்து தங்கி, காலை 7.10 வண்டியில் ஏறு. ரிசர்வேஷன் இல்லாமல் நம்பி வராதே. வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி, முகப்பில் இருக்கும் மாமாவை அருகிலிருந்து எடு. கையில் தின்பண்டம் வேண்டாம், அங்கே குரங்குகள் எப்படி என்று உனக்கே தெரியும். நான் குன்னூரில் நின்று ரயில் ஏறி வருவதை எடுக்கிறேன். மாமாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே, சொன்னால் விறைப்பாக நிற்பார்.

உபரி பேட்டரி, மைக்குக்கு மேலே ஒட்ட ஒரு துண்டு ஸ்பாஞ்சு, உன் பழைய டிரைபாட், மூன்றையும் கொண்டு வா. எந்தத் தேதிக்கு டிக்கெட் கிடைக்கிறது என்று பார்த்து இந்த வாரமே எனக்கு எழுது.

உன்
குன்னூர்க்காரன்