எழும்பூர் நிலையத்தைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். எழும்பூர் நிலையத்தைச் சுற்றித் தகர அடைப்பும் பாரந்தூக்கிகளுமாக இருக்கும் படத்தை அனுப்பி, "இடித்துவிடப் போகிறார்களா அப்பா?" என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இடிக்கவில்லை. 734.91 கோடி ரூபாய் மதிப்பிலான இந்த மறுசீரமைப்புப் பணிக்கு 2022 மே 26 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி நிலையங்களுக்கும் அன்றைக்கே. காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய முனையக் கட்டடங்களும் பல அடுக்கு வாகன நிறுத்தமும் வருகின்றன. பழைய கட்டடத்தைக் காக்க வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் அடக்கம். ஆனால் காகிதத்தில் காப்பது வேறு, சாரத்தின் மேல் நின்று காப்பது வேறு என்பதை முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயின் கட்டடப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையும் சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையும் அவர் கைவரிசைதான். (நிலையத்தின் முன்னால் இருக்கும் சாலைக்கும் அவருக்கும் தொடர்பு இல்லை, அது 1931இல் காந்தியோடு ஒப்பந்தம் செய்த வைஸ்ராய் இர்வின். நிலையத்திலேயே வேலை பார்த்தவர்கள் சிலரும் இதைக் குழப்பிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.) பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை ஒப்பந்தம் எடுத்து, 1905 செப்டம்பரில் தொடங்கிய வேலையைப் பதினேழு லட்சம் ரூபாய்ச் செலவில் முடித்துக் கொடுக்க, 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது. முந்நூறு அடி நீளம், எழுபத்தொரு அடி அகலம். தென்மாவட்டத்துக்காரர்களான நமக்கெல்லாம் மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே சென்னை என்றால் அதுதான் வாசல்.

அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்களைக் கட்டிப் பிடித்திருப்பது சிமென்ட் அல்ல, சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக் கல்லை நீரில் போட்டால் அது கொதித்துப் பொங்கி மாவாகும். அந்த நீற்றுச் சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, மணலோடும் செங்கல் தூளோடும் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுக் காரையாக்குவார்கள். அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் இறுகும்; அவசரப்படுத்த முடியாது. மழையில் சுவர் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடுவது அதன் குணம். அப்படிப்பட்ட சுவரின் மேல் சிமென்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னால் தங்கி, அதிலுள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல்லை உள்ளிருந்து பொடியாக்கிவிடும். வெளியே பார்த்தால் சுவர் புத்தம் புதிதாக இருக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், நீ பிறப்பதற்கு முன், ஒரு சந்திப்பு நிலையத்தில் பழைய அலுவலகம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆய்வுக்கு அதிகாரிகள் வர மூன்று வாரமே இருந்தது. காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசச் சொன்னேன். தலைமைக் கொத்தனார் என்னை எதிர்த்துப் பேசவில்லை. "அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள் சார்" என்று மட்டும் கேட்டார். நானும் இளமைத் திமிரில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இரண்டு வடகிழக்குப் பருவமழை கழிந்தது. ஒரு காலையில் மேசை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதன் முதுகில் செங்கல்லின் முகம் அப்படியே உரிந்து ஒட்டியிருந்தது. சுவரில் விரலை வைத்தால் சர்க்கரை போல உதிர்ந்தது. அந்தத் தாளை அவர் யாரிடமும் காட்டவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே எழும்பூரைப் பற்றி எனக்குள்ள கவலை இடிப்பதைப் பற்றியது அன்று, அவசரத்தைப் பற்றியது. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் வேலை செய்வது லேசான காரியம் இல்லை. தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி. தண்டவாளத்தருகே எதைத் தொட வேண்டுமானாலும் இரவில் வண்டிகளை நிறுத்தி வேலைக்கென்று விடும் சில மணி நேர 'பிளாக்'கில் முடித்தாக வேண்டும். விடிந்தால் தென்மாவட்ட வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நெருக்கடியில் சுண்ணாம்பு ஊறும்வரை காத்திருக்க எந்த ஒப்பந்ததாரருக்கும் மனம் வராது. அருகிலேயே ஆழமான அடித்தளம் தோண்டினால், அந்த அதிர்வு பழைய சுவருக்கும் போகும். அதற்கு நாங்கள் வைத்திருந்த வழி மிகச் சின்னது: பழைய விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் காரை வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியைக் குறித்துவிடுவோம். கண்ணாடி முழுதாக இருந்தால் விரிசல் உறங்குகிறது. தெறித்திருந்தால் நகர்கிறது, வேலையை நிறுத்த வேண்டும். இப்போது அதற்குக் கருவிகள் வந்துவிட்டன. எதுவானாலும், தினமும் ஒருவர் போய்ப் பார்த்து எழுதி வைப்பதில்தான் இருக்கிறது.

'புதிதாக எதையும் கட்டாமல் பழையதைப் பூட்டி வைத்தால் போதாதா?' என்று நீ கேட்பாய். வடசென்னையில் ராயபுரம் நிலையத்தைப் பார். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி ஆற்காட்டுக்கு அருகிலுள்ள வாலாஜா சாலை நிலையத்துக்குப் புறப்பட்டது அங்கிருந்துதான். உயர்ந்த தூண்களோடு கூடிய அந்தக் கட்டடத்தை 2005இல் பழுதுபார்த்துத் திறந்தார்கள், நல்ல காரியம். ஆனால் அது எப்போதோ பெரிய முனையம் என்ற நிலையை இழந்துவிட்டது. புறநகர் வண்டிகளின் பயணிகளில் எத்தனை பேர் அந்தத் தூண்களை நிமிர்ந்து பார்க்கிறார்கள்? ஆள் புழங்கும் கட்டடத்தில் கூரை ஒழுகினால் அன்றே யாராவது சத்தம் போடுவார்கள். பூட்டிய அறையில் ஒழுகினால் தேக்குச் சட்டம் உளுத்த பிறகுதான் தெரியும். அதனால் எழும்பூரின் பழைய கட்டடத்திலும் பயணச்சீட்டுக் கவுண்டரோ காத்திருப்பு அறையோ தொடர்ந்து இயங்க வேண்டும் என்பது என் கட்சி. புதிய கட்டடங்கள் அதன் கோபுரங்களை மறைக்காமல் இருந்தால் போதும், பளபளப்பில் அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

நான்காம், ஐந்தாம் நடைமேடைகளுக்கு நடுவே வாடகைக் கார் உள்ளேயே போகும் காலத்தில் உன் பெட்டிகளை டிக்கியிலிருந்து நேராக வண்டியில் ஏற்றியது உனக்கு நினைவிருக்கும். சென்ற வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். எட்டிய மட்டும் ஒரு சுவரில் விரல்கணுவால் தட்டிப் பார்த்தேன். கெட்டியான ஓசை, பூச்சு பிடித்திருக்கிறது. காவலர் ஒருவர் "என்ன பெரியவரே?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பொங்கலுக்கு நீ வரும்போது சேர்ந்து போவோம். மற்றச் சுவர்களையும் தட்ட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா