கூப்பு மூடிய ஊரிலிருந்து ஒரு கடிதம்

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பல் என்று நினைக்காதே, இங்கே ஆஸ்திரேலியாவில் ஜூன் 30-இல்தான் கணக்கு வருஷம் முடியும், அதற்கு முன்னும் பின்னும் எங்கள் ஆபீஸில் வருகிறவன் எல்லாம் ஷூ டப்பாவில் பில்லைக் கொட்டிக்கொண்டு வந்து நிற்பான். நேற்றுதான் தலை நிமிர்ந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடுகிறார்களா என்று நீயே பார், அம்மா "போட்டாச்சு போட்டாச்சு" என்று சொல்லிச் சமாளிக்கிற ஆள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அங்கே காட்டில் மரம் வெட்டக் கூடாதுன்னு சொல்லிட்டு மில்காரனுக்கெல்லாம் கவர்மெண்ட் பணம் கொடுத்துச்சாமே, நெசமாடா?" நெசம்தான். எங்கள் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1-லிருந்து அரசுக்குச் சொந்தமான இயற்கைக் காட்டில் மில்லுக்காக மரம் வெட்டுவது நின்றுவிட்டது. நட்டு வளர்த்த தோப்பில் வெட்டலாம், அதற்குத் தடை இல்லை. தொழிலாளி, மில், லாரிக்காரன், ஊர் என்று எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அரசாங்கம் ஒதுக்கியதாக 2023-இல் சொன்ன தொகை 87.5 கோடி டாலர். நம்ம ரூபாயில் 4,500 கோடிக்கு மேல் வரும். தொகையைக் கேட்டதும் உனக்கு உங்கப்பா ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது.

1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தபோது நாம் ஹாஸ்டலில் இருந்தோம். நிலம்பூர்க்காரர் ஒருவர் உங்க கூடலூர்க் காட்டை வெட்டுகிறார்களே என்று போட்ட வழக்கு, கடைசியில் மத்திய அரசு ஒப்புக்கொண்ட திட்டம் இல்லாமல் நாடு முழுக்கக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்திப்போட்டது, காட்டுக்குள் இருந்த மரம் அறுக்கிற மில்களை எல்லாம் உடனே நிறுத்தச் சொன்னது. பொங்கல் லீவுக்கு உன்கூட வந்தபோது உங்கப்பா மில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். வாள் ஓடவில்லை. மரத்தூள் வாசனை மட்டும் அப்படியே இருந்தது. யாரும் வந்து எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்றுகூடக் கேட்கவில்லை என்று நீ சொன்னது எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இங்கே நடந்தது சொர்க்கம். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

இங்கே வெட்டியது பெரும்பாலும் மவுண்டன் ஆஷ், ஆல்பைன் ஆஷ் என்கிற யூகலிப்டஸ் வகைகள். உங்க ஊர் கற்பூர மரமே இந்தப் பக்கத்துச் சரக்குதான், வெள்ளைக்காரன் கொண்டுவந்து நீலகிரியில் நட்டது. மவுண்டன் ஆஷ் ஒவ்வொன்றும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம், பூக்கிற மரங்களில் உலகத்திலேயே மிக உயரமானவற்றில் இதுவும் ஒன்று என்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, வெட்டுவதற்கு ஒதுக்கிய காட்டுத் துண்டுக்கு இவர்களும் "கூப்" என்றுதான் சொல்கிறார்கள். முதல் தடவை ஒரு காண்ட்ராக்டர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உங்க வீட்டுத் திண்ணையில் கூப்புக் காண்ட்ராக்டர்கள் பீடி பிடித்துக்கொண்டு பேசின மாதிரியே இருந்தது.

எப்படி நின்றது என்றால், முதலில் 2019 நவம்பரில் அப்போதைய முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் 2030-இல் நிறுத்திவிடுவோம் என்று அறிவித்தார். பத்து வருஷத்துக்கு மேல் அவகாசம். அந்தத் தேதியை நம்பிச் சிலர் புது மிஷின் எடுத்தார்கள், கடன் வாங்கினார்கள். அந்தக் கோடையிலேயே பெரிய காட்டுத்தீ வந்து மாநிலத்தில் 15 லட்சம் ஹெக்டேர் போனது. அப்புறம் கோர்ட். பெரிய கிளைடர் என்று ஒரு பிராணி, பறக்கும் அணில் மாதிரி இருக்கும், ஆனால் கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வைக்கும். பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்கும், அந்த மாதிரிப் பொந்து விழவே மரத்துக்கு நூறு வயசுக்கு மேல் ஆக வேண்டும். ஆக, கிழட்டு மரத்தை வெட்டினால் அதற்கு வீடு போச்சு. ஒரு கூப்பை வெட்டுவதற்கு முன்னால் முழுக் கூப்பிலும் அது இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என்று 2022 நவம்பரில் மாநில சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அது ராத்திரியில் வெளியே வருகிற ஜீவன், டார்ச் அடித்துக்கொண்டு மலைச்சரிவில் யார் தேடுவது? வெட்டுவது ஏறக்குறைய நின்றேபோனது. மரம் விற்றுவந்த அரசு நிறுவனமான விக்ஃபாரஸ்ட்ஸ் ஒரே வருஷத்தில் 5 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. கடைசியில் 2023 மே மாதம், பட்ஜெட்டோடு சேர்த்து, 2030 என்பது அந்த வருஷக் கடைசி என்று மாறியது. கையில் ஏழு மாதம்.

காட்டை விட்டது சரிதான் மாப்ளே, அதில் எனக்கு ரெண்டாவது பேச்சு இல்லை. நஷ்டத்துக்கு மரம் வெட்டி அதில் பேப்பருக்குக் கூழ் அரைப்பது என்ன கணக்கு? ஆனால் தேதியில் விளையாடினார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவிலும் ஜாரா, கர்ரி மரக்காடுகளில் இதே 2024 தொடக்கத்தில்தான் நிறுத்தினார்கள். அங்கே 2021 செப்டம்பரிலேயே சொன்னார்கள், சொன்ன தேதியில் நிறுத்தினார்கள். (அலுமினியத் தாதுவான பாக்சைட் எடுக்கிற சுரங்கத்துக்காகக் காட்டை அழித்தால் அந்த மரத்தை மில்லுக்கு எடுக்கலாம் என்று ஒரு ஓட்டையும் வைத்தார்கள், அது வேறு கதை.) ரெண்டு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தால் ஒருத்தன் மிஷினை நிதானமாக விற்கலாம், பையனை வேறு படிப்பில் சேர்க்கலாம். எல்லாரும் ஒரே மாதத்தில் மரம் இழுக்கிற வண்டியை விற்க வந்தால் யார் வாங்குவான்?

பணம் யாருக்குப் போனது என்று கேள். விக்ஃபாரஸ்ட்ஸோடு ஒப்பந்தம் வைத்திருந்த மில்லுக்கும் வெட்டுகிற, ஏற்றுகிற காண்ட்ராக்டருக்கும் இழப்பீடு வந்தது. கோர்ட்டால் வேலை நின்ற மாதங்களுக்கும் அரசு பணம் கொடுத்தது. வேலை போனவனுக்குக் கூடுதல் தொகை, வேறு தொழில் பழகச் செலவு, ஊருக்குப் புதுத் தொழில் கொண்டுவர மானியம். காண்ட்ராக்டர்கள் சிலருக்குக் காட்டிலேயே தீத்தடுப்புக் கோடு போடுகிற வேலை கிடைத்தது. அது நல்ல யோசனை, ஏனென்றால் இந்த மலையில் தீ வந்தால் எந்தப் பாதையில் புல்டோசரை ஏற்றலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

காகிதத்தில் பேர் இல்லாதவன் பாடுதான் திண்டாட்டம். நான் கணக்கு எழுதிக் கொடுக்கிற ஒரு மெக்கானிக் இருக்கிறார், அறுபது வயசு, முப்பது வருஷமாக மர லாரிகளுக்கு பிரேக்கும் ஹைட்ராலிக்கும் பார்த்தவர். அவருக்கும் அரசாங்கத்துக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. மானியம் கேட்டு எழுதினால், உன் வருமானத்தில் எத்தனை சதவீதம் காட்டுமரத் தொழிலிலிருந்து வந்தது, நிரூபி என்கிறார்கள். மனுஷன் ஒரு பச்சை அட்டை நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கிரீஸ் கைரேகையோடு பென்சிலில் எழுதின கணக்கு. பேருக்குப் பதில் லாரியின் நிறம்: "சிவப்பு கென்வொர்த், கிளட்ச், பாதி கொடுத்தான்." நான் ரெண்டு சனிக்கிழமை உட்கார்ந்து எந்த நிறம் எந்தக் கம்பெனி என்று அவரைக் கேட்டுக் கேட்டு எக்செல்லில் ஏற்றினேன். ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், மறுபடி போட்டோம், ஒரு தொகை வந்தது. எவ்வளவு என்று கேட்காதே, தொழில் தர்மம். டயர் கடைக்காரருக்கு அதுவும் வரவில்லை. காலை ஐந்து மணிக்கு லாரி டிரைவர்களுக்காகவே கடை திறந்த பேக்கரி அம்மா விண்ணப்பமே போடவில்லை, "நான் என்ன மரமா வெட்டினேன்" என்று சொல்லிவிட்டார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த விண்ணப்பத்தை அச்சடிக்க நான் பிரித்த ஏ4 கட்டில் "இந்தோனேசியாவில் தயாரானது" என்று போட்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான் மேரிவேல் ஆலை, இந்த நாட்டிலேயே ஆபீஸுக்கான வெள்ளைத் தாள் செய்த கடைசி இடம். காட்டுமரம் வராமல் 2023 தொடக்கத்தில் வெள்ளைத் தாளை நிறுத்தியது, பழுப்புப் பேப்பர், அட்டை மட்டும் ஓடுகிறது. எங்கள் லாட்ரோப் பள்ளத்தாக்குக்கு இது முதல் அடியும் இல்லை. ஹேசல்வுட் அனல்மின் நிலையத்தை மூடப்போவதாக 2016 நவம்பரில் சொல்லி அடுத்த மார்ச்சில் மூடினார்கள். அதனால் "புதுத் தொழில் வரும்" என்று யாராவது டை கட்டிக்கொண்டு வந்தால் இங்கே ஜனங்கள் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மெக்கானிக் இப்போது பால்பண்ணை வண்டிகள் பார்க்கிறார். மாட்டுச்சாண வாடை பிடிக்கவில்லையாம், மரப்பிசின் வாசனை எவ்வளவோ தேவலை என்று போன வாரமும் புலம்பினார். அப்போதுதான் அவரிடம் உங்கப்பாவைப் பற்றிச் சொன்னேன். மில் நின்ற பிறகும் வேலை செய்தவர்களுக்கு யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி, காபித் தோட்டத்தில் ஒரு துண்டை விற்றுத் தீர்த்தாரே, அந்தச் சிவப்பு நோட்டைப் பற்றி. மனுஷன் நம்பவில்லை. அது இன்னும் உங்க வீட்டுப் பரணில்தான் இருக்கிறதா? இருந்தால் ஒரு பக்கம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, அவரிடம் காட்ட வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
ஹாஸ்டல் ரூம்மேட்